‘வ’ இல்லாத வீடு

1

என் பெட்டியை அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதே வாரத்தில்தான் அண்ணனின் வருசத் திதியும் வருகிறது. இரண்டும் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொண்டதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருக்கிறது. வீட்டில் ஆள் இல்லாததால் எழுத உட்கார்ந்தேன்.

பெட்டி என்பது என் நங்கை வைத்த பெயர். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவர் பெட்டி என்பது லேப்டாப்பும் டேப்லெட்டும் சேர்ந்த ஒரு கருவியை. கீபோர்டு தனி, திரை தனி. காந்தம் இரண்டையும் கவ்விக்கொண்டிருக்கும். இழுத்தால் திரை மட்டும் கையோடு வந்துவிடும்.

நான் இங்கிலாந்தில் யார்க்‌ஷையரில், முன்பு நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஓர் ஊரில், பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். என் வேலையே கழற்றுவதும் மாட்டுவதும்தான். கட்டிலருகே போனதும் திரையைக் கழற்றி நோயாளிக்குப் படம் காட்ட வேண்டும். பூனை, நாற்காலி, வீடு. அவர் சொன்னதும் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, சரி என்றால் பச்சைக் குறி, தவறு என்றால் சிவப்புப் பெருக்கல் குறி என்று பேனாவால் போட வேண்டும். நோயாளிக்குக் குறி தெரியக் கூடாது. தெரிந்தால் மனது விட்டுப்போகும். பிறகு நடைபாதையில் எங்காவது உட்கார்ந்து திரையைக் கீபோர்டில் மாட்டி அறிக்கை அடிக்க வேண்டும்.

நல்ல கருவி என்று சொல்லமாட்டேன். மடியில் வைத்தால் பின்னால் இருக்கும் தாங்கி தொடையை அறுக்கும். கிருமிநாசினித் துணியால் துடைத்துத் துடைத்துக் கீபோர்டில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. பேனாவுக்கு எப்போது சார்ஜ் தீரும் என்று அதற்கே தெரியாது. ஒரு தாத்தா திரை மேல் தக்காளி சூப்பைக் கொட்டிவிட்டு, பக்கவாதம் வந்த பிறகான தன் முதல் வார்த்தையாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பச்சைக் குறி போட்டேன். திட்டிக்கொண்டே குடித்தனம் நடத்துகிறவர்கள் உண்டல்லவா, நானும் பெட்டியும் அப்படித்தான்.

2

அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். ஆத்தூர் ஜவ்வரிசி எந்த ஊருக்குப் போகிறது, முட்டை லோடு இறக்கிய வண்டி எங்கே சும்மா நிற்கிறது என்று காலையிலிருந்து ராத்திரி வரை போனில் பேசுவதுதான் தொழில். பக்கத்துக் கடைக்காரர் தன் போனைக் காதில் வைத்தால் அண்ணன் குரல்தான் கேட்கும் என்று கேலி பேசுவார்கள். பேச்சுப் பயிற்சிப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்தபோது, “பேசறதுக்குக் கூடவா அம்மிணி படிப்பு? நம்மூட்டுல அதுக்கு எப்பக் கொறை இருந்துச்சு?” என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டேதான் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஒருமுறை விடுமுறைக்குப் போனபோது பெட்டியும் கூட வந்தது. மேசை மேல் வைத்துத் திரையைக் கழற்றினேன். அண்ணன் போனைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

“இதென்ன அம்மிணி, டிரெய்லரக் கழட்டற மாதிரி கழட்டறே?”

“ஆமாங்கண்ணா. முன் வண்டி தனி, டிரெய்லர் தனி.”

“லோடு எதுல?”

“எல்லாமே திரையிலதானுங்க இருக்குது. கீபோர்டுல ஒண்ணும் இல்லீங்க.”

“அப்பறம் எதுக்கு அந்த எம்ட்டி டிரெய்லர ஊரூரா இழுத்துட்டுத் திரியறே?”

நங்கை அடுப்படியிலிருந்தே சிரித்தார். அண்ணனைக் கருவி பற்றிப் பேசவிட்டால் இப்படித்தான், கடைசியில் நான்தான் முட்டாளாவேன். வாரத்துக்கு ஒருமுறை அவரிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. “ஊட்டுக்கு எப்ப வாரே அம்மிணி?” என்பதுதான் முதல் வாக்கியம்.

3

இந்த ஊர்க்காரர்களுக்கு ‘ஹ’ வராது. வராது என்ன, வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ‘ஹவுஸ்’ என்று எழுதியிருப்பதை ‘அவுஸ்’ என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டுப் படத்தைக் காட்டி ஒருவர் ‘அவுஸ்’ என்றதும் நான் கடமையாகச் சிவப்புக் குறி போட்டேன். என் மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, “அதற்குக் குறி போட ஆரம்பித்தால் ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் வார்டில் சேர்க்க வேண்டியிருக்கும்” என்றார். நோய் எது, ஊர்ப் பேச்சு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவள் இந்த வேலைக்கு ஆகமாட்டாள் என்பதை நாசூக்காகச் சொன்னார். அன்று நாணிப் போனேன். அதன் பிறகு ஒரு ‘அவுஸ்’ கூட என்னிடம் சிவப்பு வாங்கியதில்லை.

என் மகள் யாழினி இங்கேயே பிறந்தவள். அவள் ஆங்கிலமும் ‘அவுஸ்’ ஆங்கிலம்தான். தமிழ், கேட்டால் புரியும் என்கிற அளவில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று, “போறேன்மா” என்பாள்.

“போறேன்னு சொல்லக் கூடாது கண்ணு. வாரேன்னு சொல்லு.”

“போறப்ப எதுக்கு வாரேன்னு சொல்லணும்?” என்று ஆங்கிலத்தில் கேட்பாள்.

“திரும்பி வருவேன்னு அர்த்தம். நீ வாரேன்னு சொல்லோணும், நான் போயிட்டு வான்னு சொல்லோணும். கிளம்பறவங்களுக்கு ஒண்ணு, ஊட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு.”

அவள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ‘பை’ என்று ஓடிவிடுவாள். வருடக்கணக்காக இதே வழக்குத்தான், அவள் ஒருநாளும் திருத்திக்கொண்டதில்லை.

4

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது புக்கிங் ஆபீஸ் நாற்காலியில், போன் கையில் இருக்கும்போதே. நங்கை அழைத்துச் சொன்னார். “வலது கை காலு வரலீங்க அம்மிணி. பேச்சும் வரல. முழிச்சு முழிச்சுப் பாக்கறாருங்க.”

ஆயிரம் குடும்பங்களுக்கு நான் ஆறுதல் சொல்லியிருக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எதைச் சத்தியம் செய்யக் கூடாது என்றெல்லாம் எனக்குத் தெரியும். நங்கையிடம் அது ஒன்றும் உதவவில்லை. நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உடனே போனேன், ஆஸ்பத்திரியில் கூட இருந்தேன், விடுப்பு தீர்ந்ததும் திரும்பி வந்தேன். இந்த ஒரு வரிக்குள் இருப்பதைப் புலம்பெயர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது. சேலத்தில் ஒரு பயிற்சியாளரிடம் நங்கை அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார். காரில் ஏற்றி இறக்குவதற்குள் அவர் சோர்ந்துபோய்விடுகிறார் என்றார். நான் இருக்கிறேன் என்றேன். தினமும் என் மதிய இடைவேளை உங்கள் சாயங்காலம்தானே, நானே போனில் செய்கிறேன் என்றேன்.

பெட்டியில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்தை நிறுவக் கணினிப் பிரிவின் அனுமதி வேண்டும். காரணம் கேட்டார்கள், எழுதினேன். வார்டில் தமிழ் நோயாளிகள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். வார்டில் இல்லை, நாமக்கல்லில் ஒருவர் என்று எழுத முடியுமா? என் மேலதிகாரி தன் பெயரில் கேட்டு வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு, அழிந்துபோன எழுத்துகளைத் தடவித் தடவி, வார்டில் காட்டும் அதே படங்களுக்குக் கீழே தமிழில் அடித்தேன். பூனை. நாற்காலி. வீடு. கீபோர்டு முன்னால் உட்கார்ந்தால் யாருக்கும் எழுத்துத் தமிழ்தான் வரும். வீடு என்றுதான் அடித்தேன். அதில் ஒரு தவறும் எனக்குத் தெரியவில்லை.

5

அண்ணன் போனை நங்கை ஒரு சொம்பில் சாய்த்து வைப்பார். நான் இங்கே கார் நிறுத்தத்தில், காருக்குள் உட்கார்ந்து, திரையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வேன். என் திரையில் இருக்கும் படம் அங்கே அவர் போனில் தெரியும். வாரக்கணக்கில் அவர் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. சில நாள் கண்ணீர் வந்தது. பிறகு கேட்டுப் பார்ப்பதற்காக எல்லாவற்றையும் பெட்டியிலேயே பதிவு செய்தேன்.

ஒருநாள் வீட்டுப் படம் வந்தது. இந்த ஊர் வீடு அது, சரிந்த கூரையும் புகைபோக்கியுமாக. அண்ணன் உற்றுப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

“ஊ... டு.”

அந்த நேரம் நான் கவனித்துக்கொண்டிருந்தது அவர் உதட்டை. ‘வ’ சொல்லக் கீழுதடு மேல்பல்லைத் தொட வேண்டும். அவருக்கு வலது பக்க உதடு தொங்கியிருந்தது. தொடவில்லை. திரையில் ‘வீடு’ என்று நான் அடித்த எழுத்து கொட்டை கொட்டையாக நின்றது. முதல் எழுத்து விடுபடுகிறது, உதடு பலவீனம் என்று என் படிப்பு சொன்னது. சிவப்புக் குறி போட்டேன்.

“நல்லா வருதுங்கண்ணா. இன்னொருக்கா. கீழுதட்டைக் கடிச்சுக்குங்க. வ... வீ... வீடு.”

“ஊடு.”

இந்த முறை திக்கவில்லை. தெளிவாக வந்தது. நான் மறுபடியும் உதட்டைப் பார்த்தேன், மறுபடியும் சிவப்பு. அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். இன்றைக்குப் போதும் என்று நான் போனை வைத்துவிட்டு வார்டுக்குப் போனேன். ஒரு சத்தமாவது வந்ததே என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

6

மறுநாள் காலை, சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவி, வயதான அம்மாள், கட்டிலில் சாய்ந்திருந்தார். திரையைக் கழற்றி அவரிடம் காட்டினேன். அதே வீடு, அதே புகைபோக்கி.

“அவுஸ்,” என்றார்.

திரையைத் திருப்பிப் பச்சைக் குறி போட்டேன். போட்ட பேனாவை எடுக்க முடியவில்லை.

ஊடு.

எங்கள் வீட்டில் யார் வீடு என்று சொன்னோம்? ஊட்டுக்கு எப்ப வாரே அம்மிணி என்றுதானே ஒவ்வொரு வாரமும் கேட்டார்? பேச்சுப் போட்டியில் மேடையேறும்போது மட்டும்தான் எங்களுக்கு அது வீடு. வெள்ளைக்காரப் பாட்டியின் ஊர்ப் பேச்சை நோயிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரிந்த எனக்கு, கூடப் பிறந்தவரின் பேச்சு தெரியாமல் போய்விட்டது. அத்தனை வாரம் கழித்து அந்த மனிதர் முதல் வார்த்தையைத் தேடி எடுத்துக் கொடுத்தார், சரியான வார்த்தை, எங்கள் வார்த்தை. அதை வாங்கிக் குறுக்கே கோடு போட்டேன். அந்த அம்மாள் என் கையைத் தட்டி ஏதோ கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

மதியம் அழைத்தேன். “அண்ணா, நீங்க சொன்னதுதானுங்க சரி. ஊடுதானுங்க. நாந்தான் தப்பு,” என்றேன். எழுத்தையும் ஊடு என்று மாற்றிக் காட்டினேன். அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நங்கைதான் பேசினார்.

“நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க அம்மிணி. நேத்துச் செவப்பாப் பெருக்கல் போட்டீங்கல்ல, அதப் பாத்துப் போட்டாருங்க. ஆபீஸ்ல கேன்சலான லோடுக்கு அவரு அப்படித்தானுங்களே போடுவாரு.”

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. வார்டில் திரையைத் திருப்பிக்கொண்டு குறி போடுவேன், யாருக்கும் தெரியாது. போனில் திருப்புவதற்கு என்ன இருக்கிறது? என் கையில் இருந்த திரைதான் அவர் கண் முன்னாலும் இருந்தது. கழற்றிக் கையில் எடுத்ததும், பழக்கம், நான் மட்டும்தான் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டேன்.

அதன் பிறகு அண்ணன் என்னிடம் பேசவில்லை. நங்கையிடம் ஒன்றிரண்டு வார்த்தை வருகிறது என்றார்கள். தண்ணி, வேண்டா, ஏய். என் முகம் போனில் வந்தால் வாய் இறுகிவிடும். கோபம் என்று நினைக்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை. தப்பாகிவிடுமோ என்று பயந்தார். ஊரையே போனில் அதட்டிக்கொண்டிருந்த மனிதர் என் முன்னால் வாய் திறக்கப் பயந்தார். அவர் என்னோடு இன்னும் ஒரே ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

7

தை மாதம் போனேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போனாலும் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. படம் இல்லை, பயிற்சி இல்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். சோறு ஊட்டினேன். ரோட்டில் லாரி போனால் அது யாருடைய வண்டி என்று நானே தப்புத் தப்பாகச் சொன்னேன். அவர் இடது பக்கத்து முகத்தால் சிரித்தார். வார்த்தை மட்டும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பயிற்சியாகிவிடும்.

கிளம்புகிற அன்று கார் வாசலில் நின்றது. நங்கை அவரை நாற்காலியோடு நகர்த்தி வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார். நான் குனிந்து அவர் கையைப் பிடித்தேன்.

“போயிட்டு வாரேனுங்கண்ணா.”

அவர் வாய் அசைந்தது. கீழுதடு மெதுவாக மேலே போய்ப் பல்லைத் தொட்டது.

“வாரேன்.”

முழு வார்த்தை. ‘வ’ அப்படியே வந்தது, அன்று போனில் நான் கேட்ட அதே ‘வ’. எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரிக்கிறேன், அழுகிறேன். நான் சொன்னதைத் திரும்பச் சொல்கிறார் என்று நினைத்தேன். இந்த நோயில் அது சாதாரணம், அதற்கு ஒரு பெயர்கூட உண்டு.

“நீங்க ‘போயிட்டு வா’ன்னு சொல்லோணுங்கண்ணா. வாரேன்னு நாந்தானுங்களே சொல்லோணும்,” என்றேன்.

“நீங்க எங்கீங்க வாரீங்க? சீமைக்கா?” என்று நங்கையும் சிரித்தார்.

அண்ணன் தலையை ஆட்டினார். என்னைப் பார்த்தபடியே இன்னொரு தரம், “வாரேன்” என்றார்.

கார் கிளம்பிவிட்டது. விமான நிலையம் வரை அந்த ‘வ’வைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பேச்சு வந்துவிடும், இனிமேல் வந்துவிடும் என்று வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். மாசியில் அடுத்த அட்டாக் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் நான் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. யார் கிளம்புகிறார்களோ அவர்கள்தான் வாரேன் என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னது சரி. அதையும் நான் திருத்தினேன்.

8

எழுத ஆரம்பித்ததை முடிப்பதற்குள் அந்த வாரமும் வந்து போய்விட்டது. கணினிப் பிரிவில் ஓர் இளைஞர் பேசினார். பெட்டியை முழுவதும் அழித்துவிடுவார்களாம். சொந்தக் கோப்பு ஏதாவது இருந்தால் அனுமதி பெற்று எடுத்துக்கொள்ளலாமாம்.

“ஒன்றே ஒன்று இருக்கிறது,” என்றேன்.

கோப்பின் பெயர் கேட்டார். ஆங்கில எழுத்தில் ஊடு என்று வைத்திருந்தேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். “அப்படியென்றால் என்ன?” என்றார்.

“அவுஸ்.”

“ஓ, அவுஸ்,” என்றார் அவரும், இந்த ஊர்க்காரர். அந்தப் பதிவில் பேசுபவர் நோயாளியா, உறவினரா என்று கேட்டார். இரண்டும் என்றேன். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றார். உறவினர் என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஊடு எனக்குக் கிடைத்துவிட்டது. வாரேன் எந்தப் பெட்டியிலும் இல்லை, அன்று பெட்டியைப் பைக்குள் வைத்திருந்தேன்.

திதியன்று நங்கை போனைச் சாய்த்து வைத்து எல்லாவற்றையும் காட்டினார். யாழினி பல்கலைக்கழகத்திலிருந்து அதற்காகவே வந்திருந்தாள். தாய்மாமன் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். நான் சொல்லித்தான் அண்ணன் கடைசியில் சொன்னது அவளுக்குத் தெரியும். அவர் ‘வாரேன்’ என்றார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். நான் அதைத் திருத்தியதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினாள். முதுகில் பை, கையில் குடை. கதவைத் திறந்தவள் நின்று திரும்பினாள். மாமாவை நினைத்து மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள் போல, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்தாள்.

“வாரேம்மா.”

சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தையே பார்த்தாள். போயிட்டு வா கண்ணு என்று நான் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக அதற்குத்தானே சண்டை போட்டேன். வாசலில் வைத்து அந்த வார்த்தையை எனக்குக் கடைசியாகச் சொன்னவர் அண்ணன்.

“சும்மா பை சொல்லிட்டுப் போ கண்ணு,” என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று முகம் வாடியது. பிறகு, “பை மா,” என்றாள். கேட்டைச் சாத்திக்கொண்டு, மழையில் குடையை விரித்து, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.